கிராம் கணக்கும் வாரக் கணக்கும்

1950-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு வழக்கம் இருந்தது. பனிக்குடம் உடைந்து 24 மணி நேரம் கடந்த பிறகு பிறக்கும் குழந்தைக்கு, எந்த நோய் அறிகுறியும் தென்படாவிட்டாலும், ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கிவிடுவார்கள். உடைந்த பனிக்குடத்தின் வழியாகக் கிருமி ஏறியிருக்கலாம். குறைமாதக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவிவிட்டால் காப்பாற்றுவது அரிது. ஆகவே முந்திக்கொள்வது நல்லது என்று எண்ணினார்கள். அப்போது கைவசம் இருந்த மருந்துகளில் பலம் மிக்கதாகப் பெயர் பெற்றது குளோரம்பெனிகால். டைபாய்டு காய்ச்சலையே அடக்கிக் காட்டிய மருந்து அது.

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி மருத்துவமனையின் மருத்துவர்கள் பர்ன்ஸ், ஹாட்ஜ்மன், காஸ் ஆகிய மூவரும் இந்த வழக்கத்தால் உண்மையில் பயன் உண்டா என்று பார்க்க நினைத்தார்கள். இப்படிப் பிறந்த குறைமாதக் குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்தே இல்லை. இன்னொன்றுக்குப் பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும். மூன்றாவதற்குக் குளோரம்பெனிகால் மட்டும். நான்காவதற்கு மூன்று மருந்துகளும் சேர்த்து. 1959-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. மருந்தே பெறாத குழுவிலும், பென்சிலின் குழுவிலும் ஐந்தில் ஒரு குழந்தைக்கும் குறைவாகவே இறந்திருந்தது. குளோரம்பெனிகால் பெற்ற இரண்டு குழுக்களிலும் பத்தில் ஆறோ அதற்கு மேலோ இறந்திருந்தன.

இறந்த விதமும் ஒன்றுபோலவே இருந்தது. மருந்து தொடங்கி மூன்று நான்கு நாளில் குழந்தை பால் குடிக்க மறுக்கும், வயிறு உப்பும், மூச்சு தாறுமாறாகும், உடல் துவண்டு தோல் சாம்பல் நிறமாகும், ரத்த ஓட்டம் சரியும். நாளொன்றுக்கு, எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்திருந்தார்கள். மூளைக்காய்ச்சல் கண்ட வளர்ந்த பிள்ளைகளுக்கு 100 மில்லிகிராம் வரை கொடுப்பது உண்டு, அவர்கள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். எடைக்குத் தக்க அளவு என்ற கணக்கு இங்கே ஏன் பொய்த்தது?

அடுத்த ஆண்டே விடை வந்தது. குளோரம்பெனிகாலைக் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்து, நீரில் கரையும் பொருளாக்கிச் சிறுநீருக்கு அனுப்புகிறது. வளர்ந்த பிள்ளைகளின் ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 மணி நேரம் போதும். பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தையில் அதற்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகிறது. முதல் டோஸின் பெரும்பகுதி உடலில் இருக்கும்போதே இரண்டாவது வந்துவிடும், அதன்மேல் மூன்றாவது. மூன்றாம் நாளில் ரத்தத்தில் இருந்தது யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு டோஸ். அந்த அளவில் குளோரம்பெனிகால் கிருமியோடு நிற்காமல் குழந்தையின் செல்களில் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் முடக்கியது.

குழந்தையின் எடையை மருத்துவர்கள் சரியாகத்தான் பார்த்திருந்தார்கள். பார்க்கத் தவறியது அதன் வயதை. பிறந்த பிறகான வயது மட்டுமல்ல, கருவில் கழித்த வாரங்களும் சேர்ந்த வயது. குறைமாதக் குழந்தையின் மருந்துக் கணக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் சுழல்கிறது.

கருவின் கல்லீரலுக்கு வேறு வேலை

குறைமாதக் குழந்தையின் கல்லீரலை "முதிராத கல்லீரல்" என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அப்படிச் சொன்னால், அது வேலை தெரியாமல் சும்மா கிடக்கிறது என்ற எண்ணம் வரும். உண்மையில் 26 வாரக் கரு, 26 வாரக் கருவாக இருப்பதற்கு வேண்டிய எல்லாத் திறனோடும் இருக்கிறது. அதன் கழிவுகளை நஞ்சுக்கொடி வாங்கிக்கொள்ளும். தாயின் கல்லீரலும் சிறுநீரகமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தாய் விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கு கருவை எட்டினாலும், அதே வழியில் திரும்பி வந்து தாயின் உடலில்தான் பெரும்பாலும் சிதைகிறது. தனக்கென்று மருந்தைச் சிதைக்கும் அவசியம் கருவுக்குக் கிட்டத்தட்ட இல்லை.

இதற்கு நல்ல சாட்சி சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம். பெரியவர்களின் கல்லீரலில் இந்தக் குடும்பத்தின் 3ஏ4 என்ற நொதி மிகப் பெரிய உழைப்பாளி. இன்று புழங்கும் மருந்துகளில் பெரும்பங்கை உடைப்பது அதுதான். கருவின் கல்லீரலில் 3ஏ4 மிகச் சொற்பம். அதன் இடத்தில் அதன் நெருங்கிய உறவான 3ஏ7 ஏராளமாக இருக்கிறது. கருவின் அட்ரினல் சுரப்பி ஒரு ஹார்மோன் மூலப்பொருளைச் சுரக்க, 3ஏ7 அதைத் திருத்தி நஞ்சுக்கொடிக்கு அனுப்ப, நஞ்சுக்கொடி அதிலிருந்து எஸ்ட்ரியால் என்ற ஹார்மோனைச் செய்கிறது. கர்ப்பகாலத்துக்கென்றே அமைந்த வேலை அது. பிறந்த பின் வாரங்கள் செல்லச் செல்ல 3ஏ7 தணிந்து 3ஏ4 எழுகிறது. இந்தக் கைமாற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை, மாதக்கணக்கில் நீள்கிறது. அதனால்தான் வென்டிலேட்டரில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்குத் தரும் மிடசோலம் என்ற மயக்க மருந்து, பெரியவர்களில் தங்குவதைப் போலப் பல மடங்கு நேரம் தங்குகிறது.

எல்லா நொதிகளும் சேர்ந்தாற்போல் விழிப்பதும் இல்லை. 2டி6 போன்ற சில, பிறந்த சில நாட்களிலேயே தலைகாட்டுகின்றன. காஃபீனை உடைக்கும் 1ஏ2 கடைசியாக, சில மாதங்கள் கழித்து வருகிறது. பாராசிட்டமாலைப் பெரியவர்கள் பெரும்பாலும் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றுகிறோம். பச்சிளங்குழந்தைக்கு அந்த வழி இன்னும் குறுகலாக இருப்பதால், சல்பேட்டோடு பிணைக்கும் மாற்று வழியை அது அதிகம் பயன்படுத்துகிறது. அந்த வழி கருவிலேயே திறந்திருந்தது. ஆகவே எந்த மருந்து ஆபத்து, எது பரவாயில்லை என்பது அந்த மருந்து எந்த வழியில் வெளியேறுகிறது, அந்த வழி எந்த வாரத்தில் திறக்கிறது என்பதைப் பொறுத்தது.

பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலையும் இதே கதையின் ஒரு பகுதி. பிலிருபினைப் பிணைத்து வெளியேற்றும் நொதி, குளோரம்பெனிகாலைப் பிணைக்கும் நொதியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது வேகம் பிடிக்கும்வரை பிலிருபின் ரத்தத்தில் தேங்குகிறது. இங்கே மருந்து இன்னொரு விதத்திலும் தீங்கு செய்யலாம். 1956-இல் நியூயார்க்கின் பேபீஸ் மருத்துவமனையில் வில்லியம் சில்வர்மனும் அவருடைய குழுவினரும் நோய்த்தடுப்புக்காகத் தரப்பட்ட இரண்டு மருந்து முறைகளை ஒப்பிட்டார்கள். சல்பிசாக்சசோல் என்ற சல்பா மருந்து சேர்ந்த முறையில் அதிகக் குழந்தைகள் இறந்தன. பிரேதப் பரிசோதனையில் மூளையின் உட்பகுதிகள் மஞ்சளாகக் கறைபட்டிருந்தன. ரத்தத்தில் பிலிருபினைத் தாங்கிச் செல்வது அல்புமின் என்ற புரதம். குறைமாதக் குழந்தையிடம் அதுவே குறைவு. சல்பா மருந்து அல்புமினில் இடம் பிடித்துக்கொள்ள, இடமிழந்த பிலிருபின் மூளைக்குள் கசிந்தது. அந்த மருந்து கல்லீரலைத் தொடவே இல்லை, வேறொன்றின் இடத்தைப் பறித்ததே போதுமானதாக இருந்தது.

நீரால் ஆன உடல், பாதி கட்டிய சிறுநீரகம்

மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தையின் எடையில் 85 சதவீதம் வரை நீர். நிறைமாதக் குழந்தையில் அது ஏறத்தாழ 75, பெரியவர்களில் 60. கொழுப்போ ஒன்றிரண்டு சதவீதம்தான். நீரில் கரையும் மருந்தைச் செலுத்தினால் அது இந்த நீர் முழுவதிலும் பரவி நீர்த்துப்போகும். ஜென்டாமைசினை எடுத்துக்கொள்வோம். பச்சிளங்குழந்தைகளுக்கு ரத்தத்தில் கிருமி பரவினால் இந்தியா உட்பட உலகம் முழுக்க முதலில் கை நீளும் மருந்துகளில் அது ஒன்று. ஒவ்வொரு கிலோவுக்கும் அது பரவும் இடம் பெரியவர்களைவிடக் குறைமாதக் குழந்தையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே கிருமியைக் கொல்லும் செறிவை எட்ட, "சின்னக் குழந்தைதானே" என்று டோஸைக் குறைத்தால் மருந்து பலிக்காது. கிலோவுக்குக் கணிசமாகவே கொடுக்க வேண்டும்.

ஆனால் கொடுத்தது வெளியேற வேண்டுமே? ஜென்டாமைசினைக் கல்லீரல் தொடுவதில்லை. அது வந்த வடிவிலேயே சிறுநீரகம் வழியாகப் போகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி அலகுகளான நெஃப்ரான்கள் கருவில் 34 முதல் 36 வாரம் வரை உருவாகிக்கொண்டே இருக்கின்றன. 26 வாரத்தில் பிறந்த குழந்தை, சிறுநீரகம் இன்னும் கட்டி முடியாத நிலையில் உலகுக்கு வருகிறது. அதன் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் வடிகட்டும் நீர் ஒரு மில்லிலிட்டரைக்கூட எட்டாது. வெளியேறாமல் தேங்கும் ஜென்டாமைசின் காதின் நுண்மயிர்ச் செல்களையும் சிறுநீரகத்தையுமே கெடுக்கும்.

பெரிய டோஸ் வேண்டும், ஆனால் அது மெல்லத்தான் போகும். இந்த இரண்டையும் சமாளிக்க மருத்துவம் கண்ட வழி, டோஸைக் குறைக்காமல் இடைவெளியை நீட்டுவது. பரவலாகப் பயன்படும் ஒரு அட்டவணையில், 29 வாரமோ அதற்கு முன்போ பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டாவது வாரத்திலிருந்து 4 மில்லிகிராம், 36 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு மாதம் கடந்தால் அதே 4 மில்லிகிராம், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. குழந்தை அதேதான், மருந்தும் அதேதான். நான்கே வாரத்தில் இடைவெளி பாதியாகிவிடுகிறது. முதல் வாரத்தில் பாதுகாப்பான இடைவெளி ஐந்தாம் வாரத்தில் கிருமிக்குச் சாதகமாகிவிடும். ஐந்தாம் வாரத்தின் இடைவெளியை முதல் வாரத்தில் வைத்தால் குழந்தையின் காதுக்கு ஆபத்து.

இதில் சிக்கலைக் கூட்டுவது, குழந்தைக்கு ஒரே நேரத்தில் பல மருந்துகள் ஏறுவது. பிறந்த பின் மூட வேண்டிய டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்ற ரத்தக்குழாய் மூடாவிட்டால் இன்டோமெத்தசின் கொடுப்பது உண்டு. அது சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தத்தையும் குறைத்துவிடும். உடனே ஜென்டாமைசின் தேங்கத் தொடங்கும். அட்டவணையை மட்டும் நம்பாமல், ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிப்பது இதனால்தான்.

ஒரே எடை, வெவ்வேறு வயது

ஒன்றரைக் கிலோ எடையுள்ள இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்த இன்குபேட்டர்களில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 31 வாரத்தில் பிறந்தது. அந்த வாரத்துக்கு அது சரியான எடை. இன்னொன்று 37 வாரம் கருவில் இருந்தும், நஞ்சுக்கொடியிலிருந்து போதிய ஊட்டம் கிடைக்காமல் மெலிந்து பிறந்தது. தராசு இரண்டையும் ஒன்றாகவே காட்டும். முதல் குழந்தையின் நெஃப்ரான்கள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவதில் அந்தப் பணி முடிந்துவிட்டது, அதன் எண்ணிக்கை சற்றுக் குறைவாக இருக்கலாம் என்றாலும். கிலோ கணக்கில் ஒரே டோஸ் எழுதினாலும் இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே இடைவெளி பொருந்தாது. 2020-இல் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன என்பது கணக்கு. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். கருவிலேயே வளர்ச்சி குன்றிப் பிறக்கும் குழந்தைகளும் நம் நாட்டில் மிக அதிகம். எனவே இந்த இரண்டு குழந்தைகளும் அருகருகே இருப்பது நம் மருத்துவமனைகளில் அன்றாடக் காட்சி.

வயதிலும் இரண்டு வயது உண்டு. தாயின் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் வயது ஒன்று, பிறந்த நாளிலிருந்து எண்ணும் வயது மற்றொன்று. நெஃப்ரான் எண்ணிக்கை பெரும்பாலும் முதல் வயதைப் பின்பற்றுகிறது. ஆனால் பிறந்த கணத்திலிருந்து சிறுநீரகத்துக்குப் பாயும் ரத்தம் கூடத் தொடங்குகிறது, சில நொதிகளுக்குப் பிறப்பே தூண்டுகோலாகிறது. 26 வாரத்தில் பிறந்து நான்கு வாரம் ஆன குழந்தையும், நேற்று 30 வாரத்தில் பிறந்த குழந்தையும் முதல் வயதில் சமம். மருந்தைக் கையாள்வதில் இரண்டும் சமமல்ல. தோலைப் பார்த்தாலும் இது தெரியும். மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தையின் தோல் முதலில் எதையும் ஊடுருவ விடும். காற்றுப்பட்ட இரண்டு மூன்று வாரத்தில் அது தடித்துத் தடையாகிவிடும், கருவில் இருந்திருந்தால் அதற்கு இன்னும் அதிக காலம் பிடித்திருக்கும். இந்தத் தோல் வழியாகத்தான் தொப்புளைச் சுற்றித் தடவும் போவிடோன் அயோடின் ரத்தத்தில் கலந்து தைராய்டைத் தற்காலிகமாக அடக்கிவிடுகிறது.

காபியில் இருக்கும் மருந்து

முதிராமை எப்போதும் பகைதான் என்று எண்ணவேண்டாம். குறைமாதக் குழந்தைகள் திடீரென மூச்சு விடுவதை மறந்துவிடும். அந்த நிலைக்கு அப்னியா என்று பெயர். மூளையின் மூச்சு மையம் இன்னும் முதிராததால் வருவது அது. 1970-களில் இதற்குத் தியோஃபிலின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில், யாரும் கொடுக்காத காஃபீன் தென்பட்டது. தியோஃபிலினை உடைக்கும் நொதி இல்லாததால், குழந்தையின் கல்லீரல் அதனோடு ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்துக் காஃபீனாக மாற்றிக்கொண்டிருந்தது. அப்படியானால் காஃபீனையே கொடுத்தால் என்ன? கொடுத்தார்கள். பலனும் கிடைத்தது, அதோடு பாதுகாப்பும் கூடுதல்.

நாம் மாலை நாலு மணிக்குக் குடிக்கும் காபியின் காஃபீன் ஒன்பது மணிக்குப் பாதியாகிவிடும். குறைமாதக் குழந்தையில் அது பாதியாக மூன்று நான்கு நாட்கள் ஆகும். 1ஏ2 நொதி இல்லாததால் பெரும்பகுதி மாறாமலேயே சிறுநீரில் சொட்டிச் செல்கிறது. இந்த மந்தமே இங்கே வரம். தொடக்கத்தில் ஒரு பெரிய டோஸ் கொடுத்தபின் நாளுக்கு ஒரு சிறு டோஸ் போதும். ரத்தத்தில் அளவு ஏறி இறங்காமல் சீராக நிற்கும். கனடாவின் பார்பரா ஷ்மிட் தலைமையில் 500 முதல் 1,250 கிராம் எடையுள்ள 2,006 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முதல் முடிவு 2006-இல் வெளிவந்தது. 36 வாரத்தை எட்டும்போது இன்னும் ஆக்சிஜன் தேவைப்பட்ட குழந்தைகள், காஃபீன் பெறாத குழுவில் 47 சதவீதம். பெற்ற குழுவில் 36 சதவீதம். மறு ஆண்டு வெளியான தொடர்முடிவில், ஒன்றரை வயதைக் கடந்தபோது இறப்போ ஊனமோ நேர்ந்தவர்களின் பங்கும் காஃபீன் குழுவில் குறைந்திருந்தது.

அதே மந்தம் இறுதியில் ஒரு எச்சரிக்கையையும் கேட்கிறது. மருந்தை நிறுத்தியதும் குழந்தை நன்றாக மூச்சு விடுகிறதே என்று உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உடலில் மிச்சமிருக்கும் காஃபீனால் அப்படி இருக்கலாம். அதனால்தான் பல மருத்துவமனைகளில் கடைசி டோஸுக்குப் பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை கண்காணிக்கிறார்கள்.

மருந்தோடு வரும் மற்றவை

புட்டியில் மருந்து மட்டும் இருப்பதில்லை. 1982-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பென்சைல் ஆல்கஹால் சேர்த்த உப்புநீரைப் பச்சிளங்குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. சிரைக்குழாய் அடைபடாமலிருக்க அவ்வப்போது செலுத்தும் சாதாரண உப்புநீர்தான் அது. கிருமி வளராமலிருக்க 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் கலந்திருந்தார்கள். பெரியவர்களின் உடல் அதைப் பென்சாயிக் அமிலமாக்கி, கிளைசினோடு பிணைத்து வெளியேற்றிவிடும். குறைமாதக் குழந்தையில் அந்தக் கடைசிப் பிணைப்பு நடக்கவில்லை. ரத்தம் அமிலமாகி, குழந்தைகள் மூச்சுக்குத் திணறின. 16 மரணங்கள் அப்போது பதிவாகின. 2011-இல் லோபினவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் திரவ வடிவத்தில் உள்ள ஆல்கஹாலும் புரொப்பிலீன் கிளைக்காலும் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபத்து என்று மறுபடி எச்சரிக்க நேர்ந்தது. மருந்தை ஆராய்ந்தால் போதாது, அதைச் சுமந்து வரும் திரவத்தையும் அதே வாரக் கணக்கில் ஆராய வேண்டும்.

ரத்தமின்றி எப்படி அறிவது?

இவ்வளவும் தெரிந்திருந்தும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் பெரும்பாலான மருந்துகள் அந்த வயதுக்கென முறையாகச் சோதித்து அங்கீகரிக்கப்பட்டவை அல்ல. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஒரு கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தம் 80 முதல் 90 மில்லிலிட்டர். பெரியவர்களிடம் ஒரு மருந்தை ஆராயும்போது ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முறை ரத்தம் எடுப்போம். இங்கே அது முடியாது.

இந்த முட்டுக்கட்டைக்கு வழி செய்தவர்களில் லூயிஸ் ஷைனரும் ஸ்டூவர்ட் பீலும் முக்கியமானவர்கள். சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய இவர்கள் உருவாக்கிய புள்ளியியல் முறையில், ஒவ்வொரு நோயாளியிடமும் ஒன்றிரண்டு சொட்டு மாதிரியே போதும். பலரின் சிதறிய தகவல்களை ஒன்றுசேர்த்து, எடையும் வயதும் மருந்தின் போக்கை எப்படி மாற்றுகின்றன என்று ஒரு வளைகோட்டைக் கண்டுபிடித்துவிடலாம். வேறு சோதனைக்கு எடுத்து மிஞ்சிய ரத்தமும் பயன்படும். இப்படித் தொகுத்த ஒரு ஆய்வில், உடல் அளவின் வேறுபாட்டைக் கழித்த பிறகு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் மாதவிலக்கிலிருந்து எண்ணும் 48-ஆவது வாரத்தை ஒட்டிப் பெரியவர்களின் பாதியை எட்டுகிறது என்றும், ஒரு வயதில் 90 சதவீதத்தை நெருங்குகிறது என்றும் தெரிந்தது. அமெரிக்கா 2003-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2007-இலும் குழந்தைகளிடம் மருந்துகளை ஆராய்வதை நிறுவனங்களின் கடமையாக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தன. பச்சிளங்குழந்தைகளை அவை எட்டியது மெதுவாகத்தான்.

வளைகோடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதில் பொருத்த ஒரு எண் வேண்டும்: இந்தக் குழந்தை எத்தனை வாரம்? கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன், கருவின் வயதை ஒரு வாரப் பிழைக்குள் சொல்லிவிடும். கடைசி மூன்று மாதத்தில் முதன்முறையாக ஸ்கேன் எடுத்தால் பிழை மூன்று வாரம் வரை போகலாம். ஜென்டாமைசின் அட்டவணையில் 29 வாரத்துக்கும் 30 வாரத்துக்கும் நடுவில் இருப்பது 12 மணி நேர வித்தியாசம். கர்ப்பத்தை முதல் 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்லித் தமிழ்நாட்டின் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் வலியுறுத்துவதைத் தாய்க்கான பாதுகாப்பாகத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். பிரசவம் முந்திக்கொண்டால், அப்போது அட்டையில் எழுதிய அந்தத் தேதிதான் குழந்தைக்கு அடுத்த டோஸ் எப்போது என்பதை முடிவு செய்யும்.